உளவியல் ஆய்வேடு: தலைப்புக்கு முன்னால் ஒரு கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உளவியல் மாணவர்கள் ஆய்வேட்டைத் தொடங்கும் பருவத்தில் ஆசிரியர்களிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: “ஒரு நல்ல தலைப்பு சொல்லுங்கள்.” தமிழில் ‘தலைப்பு’ என்ற சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ஏட்டின் அட்டையில் அச்சாகும் பெயரும் தலைப்பு. எதை ஆராயப்போகிறோம் என்பதும் தலைப்பு. அட்டைக்கு ஒரு பெயர் கிடைத்ததுமே ஆராய வேண்டிய பொருளும் கிடைத்துவிட்டதாக மாணவர் நம்பிவிடுகிறார். நான்கு மாதம் கழித்து, வினாத்தாள்களை எல்லாம் நிரப்பி வாங்கிய பிறகு, “இதை வைத்து என்ன கணக்குப் போடுவது?” என்று வந்து நிற்கிறார். அந்தக் கட்டத்தில் நெறியாளரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. உதவி பலிக்கும் காலம் முதல் மூன்று வாரம்தான். அந்த மூன்று வாரத்தில் என்ன நடக்க வேண்டும் என்பதைத் தங்கள் வாசகர்களில் உள்ள மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சொல்லவே இந்தக் கடிதம்.

“சமூக ஊடகப் பயன்பாடும் மாணவர்களின் மனநலமும்” என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விடை காணக்கூடிய கேள்வி ஒன்றுகூட இதற்குள் இல்லை. ‘பயன்பாடு’ என்றால் எத்தனை மணி நேரம் என்பதா, எத்தனை முறை திறந்தார் என்பதா, தானே பதிவு போட்டாரா, அடுத்தவர் பதிவுகளை விரலால் தள்ளிக்கொண்டே போனாரா? ‘மனநலம்’ என்றால் மனச்சோர்வா, பதற்றமா, தூக்கமா, வாழ்க்கை மீதான நிறைவா? ஒவ்வொன்றையும் அளக்கும் விதம் வேறு. நேரத்தை ஆளிடமே கேட்டு எழுதிக்கொள்வது சுலபம். ஆனால் ஆட்கள் சொல்லும் நேரமும் கருவி தானாகப் பதியும் நேரமும் ஓரளவுக்குத்தான் ஒத்துப்போகின்றன என்று பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு 2021இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. ஆகவே கைப்பேசியில் உள்ள திரைநேரப் பதிவைப் பார்த்து எழுதச் சொல்வது மேல்.

இதே தலைப்பைக் கேள்வியாக்கிப் பார்ப்போம். “படுக்கப்போகும் முன் கடைசி ஒரு மணி நேரத்தில் கைப்பேசி பார்த்த நிமிடங்கள் கூடும்போது, அன்றிரவு தூக்கம் வர ஆகும் நிமிடங்களும் கூடுகின்றனவா?” இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு இருக்கிறது. 18 முதல் 22 வயது வரை உள்ள 40 பேர், 14 நாள், தினமும் காலையில் எழுந்ததும் நான்கே கேள்விகள் கொண்ட ஒரு குறிப்பு. மொத்தம் 560 பதிவுகள். ஆனால் 560 பதிவு என்பது 560 ஆள் ஆகாது. ஒரே ஆளின் 14 இரவுகள் ஒன்றுக்கொன்று சொந்தம். அவற்றைத் தனித்தனி ஆட்களைப் போல ஒரே வரிசையில் போட்டு ஒட்டுறவு (ஒன்று மாறும்போது மற்றொன்றும் சேர்ந்து மாறுகிறதா என்பது) பார்த்தால் கிடைக்கும் முடிவு தவறு. ஒரே ஆளின் பல பதிவுகளைச் சரியாகக் கையாளும் பலநிலைப் பகுப்பாய்வு தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் இந்த வடிவத்துக்குப் போகலாம். இல்லையென்றால் ஆளுக்கு ஏழு நாள் சராசரி ஒன்றை எடுத்து, ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டி, சாதாரண ஒட்டுறவோடு நிறுத்திக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் கேள்வியே மாறிவிடுகிறது என்பதையும் தெரிந்து செய்ய வேண்டும். ஒருவர் வழக்கத்தைவிட அதிகம் பார்த்த இரவில் அவருக்கே தூக்கம் தள்ளிப்போகிறதா என்பது ஒன்று. அதிகம் பார்க்கும் ஆட்கள் பொதுவாகத் தாமதமாகத் தூங்குகிறவர்களா என்பது வேறொன்று. இரண்டாவதுக்கு விடை கண்டுபிடித்துவிட்டு முதலாவதுக்கு விடை கண்டதாக எழுதும் ஆய்வேடுகள் ஏராளம்.

எத்தனை பேர் வேண்டும் என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது அடுத்த தவறு. ஆட்களின் எண்ணிக்கைதான் கேள்வியின் எல்லையை முடிவு செய்கிறது. வழக்கமான 5 சதவீதப் பிழை வரம்பும் (இல்லாத தொடர்பை இருப்பதாகக் காட்டும் வாய்ப்பு) 80 சதவீதக் கண்டறியும் திறனும் (இருக்கும் தொடர்பைக் காட்டும் வாய்ப்பு) வைத்துக்கொண்டால், ஒட்டுறவுக் கெழு (தொடர்பின் வலுவைக் காட்டும் எண்; 0 என்றால் தொடர்பில்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.3 அளவில் இருக்கும் ஒரு தொடர்பைக் காண ஏறத்தாழ 85 பேர் போதும். அதுவே 0.2 என்றால் 194 பேர் தேவை, 0.1 என்றால் 780 பேருக்கு மேல். இரண்டு குழுக்களை ஒப்பிடும்போது, ஜேக்கப் கோஹன் என்ற உளவியலாளர் ‘நடுத்தரம்’ என்று வகுத்த 0.5 அளவு, அதாவது திட்டவிலக்கத்தில் பாதி அளவு, வேறுபாட்டைக் காணக் குழுவுக்கு 64 என 128 பேர் வேண்டும். அதே 0.5 அளவை, ஒரே ஆட்களை இரண்டு நிலைகளில் சோதித்துக் காண 34 பேர் போதும். நிறப்பெயர்களை வாசிக்காமல் அவை அச்சான மையின் நிறத்தைச் சொல்லச் சொல்லும் ஸ்ட்ரூப் சோதனை 1935இல் வந்தது. இன்றும் மாணவர் ஆய்வுக்கு அது உகந்ததாக இருப்பதற்கு ஒரு காரணம், ஒவ்வொரு ஆளும் தனக்குத் தானே ஒப்பீடாக நிற்பதுதான். ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் இந்தக் கணக்கைப் பத்து நிமிடத்தில் போட்டுவிடலாம். 85 தேவை என்றால் 100 பேரைக் குறிவைக்க வேண்டும். பாதியில் விட்டவர்களும், எல்லாக் கேள்விக்கும் ‘3’ என்றே குறித்தவர்களும் கழிந்துபோவார்கள்.

இந்த இடத்தில் ஒரு பழக்கத்தைக் கண்டித்தே ஆக வேண்டும். முக்கியக் கேள்வி பலவீனமாக இருக்கும்போது அதை நிரப்ப, ஆண்–பெண், நகரம்–கிராமம், கூட்டுக்குடும்பம்–தனிக்குடும்பம், மூத்தவர்–இளையவர் என்று ஒப்பீடுகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கருதுகோள் எழுதி, இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை அட்டவணைகளைப் பக்கம் பக்கமாகப் போடுகிறார்கள். உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாதபோதும், ஒன்றையொன்று சாராத பத்துச் சோதனைகளில் குறைந்தது ஒன்று ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு’ என்று பொய்யாகக் காட்டுவதற்கு வாய்ப்பு 40 சதவீதம். அந்தப் பொய்யை மெய்யென்று நம்பி ‘விவாதம்’ அத்தியாயத்தில் மூன்று பக்கக் காரணமும் எழுதப்படுகிறது. ஏன் வேறுபாடு இருக்க வேண்டும் என்று தரவு திரட்டும் முன்பே ஒரு பத்தியில் எழுத முடியாத ஒப்பீட்டை விட்டுவிடுவதே நல்லது.

இனி அளவைகள், அதாவது மனநிலையை எண்ணாக்கும் வினாத்தொகுப்புகள். பெரும்பாலான மாணவர்கள் இரண்டு அளவைகளைப் பிடித்து, நடுவில் ‘தொடர்பு’ என்ற சொல்லைப் போட்டுத் தலைப்பு ஆக்குகிறார்கள். அந்த இரண்டும் உண்மையிலேயே இரண்டுதானா என்று கேள்விகளை வரிவரியாக எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும். மனச்சோர்வுக்கான பி.எச்.கியூ-9 வினாநிரலில் மூன்றாவது கேள்வியே தூக்கக் கோளாறு பற்றியது. அதையும் ஒரு தூக்க அளவையையும் சேர்த்து ஒட்டுறவு பார்த்தால், தூக்கத்தைத் தூக்கத்தோடு ஒப்பிட்ட பங்கு அந்தக் கெழுவுக்குள் கலந்துவிடுகிறது. மூன்றாவது கேள்வியை நீக்கியும் ஒருமுறை கணக்கிட்டு இரண்டு முடிவுகளையும் தர வேண்டும். மன அழுத்தமும் பதற்றமும், தன்மதிப்பும் மனச்சோர்வும் போன்ற இணைகளில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது. கெழு பெரிதாக வரும், மாணவர் மகிழ்வார், ஆனால் ஒரே துன்பத்துக்கு இரண்டு பெயர் வைத்து அளந்ததைத் தவிர அங்கே எதுவும் நடந்திருக்காது.

கால அளவையும் பார்க்க வேண்டும். பி.எச்.கியூ-9 கேட்பது கடந்த இரண்டு வாரத்தை. பிட்ஸ்பர்க் தூக்கத் தர அளவையும், உணரப்பட்ட மன அழுத்த அளவையும் கேட்பது கடந்த ஒரு மாதத்தை. தேர்வு முடிந்த மறுவாரத்தில் இவற்றைச் சேர்த்துக் கொடுத்தால், ஒன்றில் தேர்வுக் காலம் முழுதாக அடங்கும், மற்றொன்றில் பாதிதான் வரும்.

பங்கேற்பவர்களின் மொழியில் அளவை கிடைக்கிறதா என்பதைத் தலைப்பு முடிவாகும் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். “நானே மொழிபெயர்த்துக்கொள்கிறேன்” என்று துணிகிறவர்கள் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். 1977இல் வெளியான, 20 கேள்விகள் கொண்ட சி.இ.எஸ்-டி என்ற மனச்சோர்வு அளவையின் மூன்றாவது வாக்கியத்தில் ஆங்கிலக்காரர் துயரத்துக்கு நீல நிறத்தின் பெயரைச் சொல்கிறார். குடும்பத்தார், நண்பர்கள் துணை இருந்தும் அதை உதற முடியவில்லை என்பது வாக்கியம். சொல்லுக்குச் சொல் போட்டால் தமிழில் அது பொருளற்றது. ‘துக்கம்’ என்று போட்டால் யாரோ இறந்துபோன வீட்டின் நினைவு வருகிறது. ‘சோகம்’ என்றால் மேலோட்டமாக நிற்கிறது. ‘மனசு பாரமாகவே இருந்தது’ என்றால் பொருள் நெருங்குகிறது, ஆனால் ‘உதறுவது’ பொருந்தாது. பாரத்தை இறக்கத்தான் வேண்டும். ஒரே வாக்கியத்துக்கு இவ்வளவு யோசனை. இருவர் தனித்தனியாக மொழிபெயர்த்து, ஒப்பிட்டு ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத ஒருவர் ஆங்கிலத்துக்குத் திருப்பி மொழிபெயர்த்து, பத்துப் பதினைந்து பேரிடம் “இந்த வாக்கியம் உங்களுக்கு என்ன சொல்கிறது?” என்று கேட்டுத் திருத்துவதற்கு ஒரு மாதமாவது போய்விடும். உண்மையில் ஓர் அளவையை ஒழுங்காக மொழிபெயர்த்து அதன் நம்பகத்தன்மையையும் ஏற்புடைமையையும் (அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறதா என்பதையும்) சோதிப்பதே முழு ஆய்வேட்டுக்குப் போதுமான, மதிப்புள்ள பொருள். அதை இன்னும் நிறைய மாணவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் விருப்பம். ரோசன்பர்க் தன்மதிப்பு அளவையின் பத்து வாக்கியங்களில் எட்டாவதான ‘எனக்கு என்மேல் இன்னும் மரியாதை இருந்தால் நன்றாயிருக்கும்’ என்ற வாக்கியம் வேறு மொழிகளுக்குப் போகும்போது மற்ற வாக்கியங்களோடு சேராமல் தனித்து நிற்பது பலமுறை கவனிக்கப்பட்டிருக்கிறது. அதே அளவையில் ஐந்து வாக்கியங்கள் எதிர்மறையானவை. அவற்றின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட மறந்தால் வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா தரைக்குப் போய்விடும். 0.2, 0.3 என்று ஆல்ஃபா வந்தால் அளவையைக் குறை சொல்லும் முன் இதைச் சரிபார்க்க வேண்டும்.

உரிமமும் ஒரு தடை. பெக் மனச்சோர்வு வினாநிரல், மாஸ்லாக் பணிக்களைப்பு வினாநிரல் போன்றவை காசு கொடுத்து வாங்க வேண்டியவை. யாரோ அனுப்பிய நகலை வைத்து ஆய்வை முடித்துவிட்டு, கட்டுரையாக வெளியிடும்போது மாட்டிக்கொள்கிறார்கள். பி.எச்.கியூ-9க்கு அனுமதியோ கட்டணமோ வேண்டியதில்லை. பணிக்களைப்புக்கு 19 கேள்விகள் கொண்ட கோபன்ஹேகன் வினாநிரல் இருக்கிறது. எல்லா அளவைகளின் கேள்விகளையும் கூட்டிப் பார்ப்பதும் அவசியம். 10, 20, 10, அதோடு 44 கேள்வி கொண்ட ஓர் ஆளுமை அளவை என்று சேர்ந்தால் 84. கூகுள் ஃபார்மில் 84 கேள்வியை யாரும் படித்துப் பதில் சொல்ல மாட்டார்கள். பதினைந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

‘ஆய்வு இடைவெளி’ என்ற சொல்லும் மாணவர்களைத் தவறான பக்கம் இழுக்கிறது. “இந்த ஊரில், இந்த வகுப்பு மாணவர்களிடம் இதை யாரும் செய்யவில்லை” என்பது இடைவெளி ஆகாது. இந்த மக்களிடம் முடிவு வேறாக வரும் என்று எதிர்பார்க்க ஒரு காரணம் இருந்தால்தான் அது இடைவெளி. கண்டுபிடிக்கும் வழி எளிது, உழைப்புதான் வேண்டும். கடந்த ஐந்தாண்டில் வந்த ஒரு மதிப்பாய்வுக் கட்டுரையில் தொடங்கி, அதிலிருந்து 15, 20 கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஆட்கள் யார், எத்தனை பேர், எந்த அளவை, என்ன முடிவு, என்ன குறை என்று ஐந்து கட்டம் போட்ட அட்டவணையில் எழுத வேண்டும். பத்தாவது கட்டுரையை எழுதும்போது ஒரே குறை திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும். கேள்வி அங்கேதான் இருக்கிறது.

அப்படிப் படிக்கும்போது அடிப்படைக் கண்டுபிடிப்பே உறுதியாக நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 2015இல் உளவியல் ஆய்வுகள் நூறு மறுபடி செய்து பார்க்கப்பட்டன. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் ‘குறிப்பிடத்தக்க முடிவு’ காட்டியவை. மறுபடி செய்தபோது அப்படிக் காட்டியவை 36 சதவீதம். மன உறுதி ஒரு சேமிப்பு போல, பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் என்ற புகழ்பெற்ற கருத்தை 2016இல் 23 ஆய்வகங்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஒரே முறையில் சோதித்தன. விளைவு ஏறத்தாழ பூஜ்யம். அந்தக் கருத்தின் மேல் ஒரு புதிய மாறியை ஏற்றி ஆய்வேடு எழுதும் மாணவர் மணலில் வீடு கட்டுகிறார். அதற்குப் பதில் ஒரு பழைய ஆய்வை, முறையைத் தரவு திரட்டும் முன்பே பொதுவில் முன்பதிவு செய்து, போதுமான ஆட்களோடு அப்படியே திரும்பச் செய்யலாம். ‘காப்பி’ என்று அதை ஒதுக்கும் நெறியாளர்கள் மனம் மாற வேண்டும்.

சொந்த வேதனையிலிருந்து தலைப்பு எடுக்கும் மாணவர்கள் உண்டு. வீட்டில் ஒருவருக்கு மனச்சிதைவு, தனக்கே பதற்றம், நெருங்கிய ஒருவரின் தற்கொலை. அந்த ஈடுபாட்டை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் எட்டு மாதம் தினமும் அதையே வாசிக்க முடியுமா, தான் நம்புவதற்கு எதிரான முடிவு வந்தால் அதை அப்படியே எழுத முடியுமா என்ற இரண்டையும் நெறியாளர் தனியாக உட்கார்த்திவைத்து மென்மையாகக் கேட்க வேண்டும். நோயர்களிடம் நேரடியாகப் போகும் ஆய்வுக்குக் கல்லூரியின் நெறிமுறைக் குழு, மருத்துவமனையின் குழு என இரண்டு அனுமதி தேவைப்படலாம். சிறுவர்கள் என்றால் பெற்றோரின் சம்மதமும் வேண்டும், பிள்ளையின் இசைவும் வேண்டும். அனுமதி வரும் முன் திரட்டிய தரவு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயன்படாது.

மனச்சோர்வை அளக்கும் எல்லா மாணவருக்கும் ஒரு வேண்டுகோள். பி.எச்.கியூ-9இன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வருகிறதா என்று கேட்கிறது. பெயரில்லாத இணையப் படிவத்தில் ஒருவர் அதற்கு ‘ஏறத்தாழ தினமும்’ என்று குறித்தால், அவர் யாரென்று தெரியாது, தேடிப் போகவும் முடியாது. அந்தப் பதிலை மூன்று வாரம் கழித்து எக்செல் தாளில் வெறும் ‘3’ ஆகப் பார்ப்பது எந்த மாணவருக்கும் நேரக் கூடாது. யார், எத்தனை மணி நேரத்துக்குள் பதில்களைப் பார்ப்பார், யாரிடம் அனுப்பிவைப்பார், உதவி எண்கள் படிவத்தில் எங்கே வரும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். அது முடியாதென்றால் அந்தக் கேள்வி இல்லாத பி.எச்.கியூ-8ஐப் பயன்படுத்தலாம்.

புள்ளியியலுக்குப் பயந்து, எண்களுக்குப் பதில் நேர்காணல் போன்றவற்றை வைத்துச் செய்யும் பண்புசார் ஆய்வுக்குத் தாவுகிறவர்கள் கணக்கை மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேர நேர்காணலை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும். பத்து நேர்காணல் என்றால் எழுத்தாக்கம் மட்டுமே அறுபது மணி நேரம் வரை; சொன்னவற்றைக் கருத்துவாரியாகப் பிரித்துக் குறியிடுதல் அதற்குப் பிறகுதான். ‘எப்படி உணர்கிறார்கள்’, ‘எப்படிப் புரிந்துகொள்கிறார்கள்’ என்பது கேள்வியாக இருந்தால் தாராளமாகப் போகலாம். ‘அதிகமா, குறைவா’ என்பது கேள்வியானால் நேர்காணல் விடை தராது.

கேள்வி ஏறக்குறைய உருவானதும் செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. ‘ஆம்’ என்று முடிவு வந்தால் கடைசி அத்தியாயத்தில் என்ன எழுதுவேன், ‘இல்லை’ என்று வந்தால் என்ன எழுதுவேன் என்று இரண்டு பத்திகளை முன்கூட்டியே எழுதிப் பார்ப்பது. ‘இல்லை’ பத்தியில் எழுத ஒன்றுமே இல்லையென்றால் கேள்வியைத் திருத்த வேண்டும். பெரும்பாலும் ஒப்பீட்டை மாற்றினாலே சரியாகிவிடும். “தொடர்பு உண்டா?” என்பதை விட்டு, “இந்த இரண்டில் எதோடு தொடர்பு வலுவானது?” என்று கேட்டால் எந்தப் பக்கம் விடை வந்தாலும் சொல்ல ஏதாவது இருக்கும்.

நெறியாளரை முதன்முதலில் பார்க்கப் போகும்போது மாணவர் கையில் ஒரே ஒரு பக்கம் இருந்தால் போதும். கேள்வி ஒரே வாக்கியத்தில். யார், எத்தனை பேர், அவர்களை எங்கே எப்படிச் சந்திக்கப் போகிறார். எந்த அளவை, எந்த மொழியில், யாருடைய அனுமதியோடு. எந்தப் புள்ளியியல் சோதனை. எது நடந்தால் இந்த ஆய்வு நின்றுபோகும். கடைசி வரியைத்தான் நெறியாளர்கள் முதலில் படிக்க வேண்டும். நெறியாளர்களும் தம் பங்குக்கு, போன வருடத் தலைப்பில் ஒரு சொல்லை மாற்றிக் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தலாம். தனக்குத் தெரியாத பகுப்பாய்வு வேண்டும் என்றால் அதை ஒளிக்காமல் சொல்லி, தெரிந்த துறை ஆசிரியர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மாற்று வழி ஒன்றும் அந்தப் பக்கத்திலேயே தேதியோடு இருக்கட்டும். இன்ன தேதிக்குள் நெறிமுறைக் குழுவின் அனுமதி வராவிட்டால், அல்லது தரவு திரட்டத் தொடங்கி மூன்றாவது வார முடிவில் 40 பேர்கூடச் சேராவிட்டால், எதற்கு மாறுவது? பொதுவில் திறந்து வைக்கப்பட்ட தரவுத் தொகுப்பு ஒன்றில் அதே கேள்வியின் எளிய வடிவத்தைச் சோதிக்கலாம். அதற்கும் குழுவின் ஒப்புதலோ விலக்கோ தேவைப்படும் என்பதால் முதல் விண்ணப்பத்திலேயே அதையும் சேர்த்துக் கேட்டுவிட வேண்டும்.

இப்படிக்கு,
உளவியல் ஆய்வேடுகளுக்கு நெறியாளராக இருக்கும் ஓர் ஆசிரியர்